டாவி செய்தபின் பக்கவாதம் வரும் அபாயம் எவ்வளவு? மூளைக்கு வடிகட்டி தேவையா?

கேள்வி இது: 78 வயது அப்பாவுக்கு அயோர்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கியிருக்கிறது. நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாகக் குழாய் செலுத்திப் புது வால்வு பொருத்தும் டாவி சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டார்கள். பக்கவாதம் வரலாம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருக்கிறது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களில் வடிகட்டி வைக்கத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். அபாயம் உண்மையில் எவ்வளவு, வடிகட்டி வேண்டுமா, ஞாபக சக்தி குறையுமா, வீட்டுக்கு வந்தபின் எதைக் கவனிக்க வேண்டும்?

சுருக்கமான பதில் முதலில். இன்று தொடை வழியாக டாவி செய்துகொள்பவர்களில் 100-க்கு 2 முதல் 3 பேருக்குப் பக்கவாதம் வருகிறது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அன்றாட வாழ்வை முடக்கும் குறை மிஞ்சுகிறது. வடிகட்டி எல்லோருக்கும் வேண்டும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. வடிகட்டியைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில், பக்கவாதம் வந்துவிட்டால் அந்த மருத்துவமனையில் எவ்வளவு சீக்கிரம் மூளை ரத்தக்குழாய்களை சி.டி.யில் பார்ப்பார்கள், அடைப்பை எடுக்கும் நிபுணர் இரவிலும் கிடைப்பாரா என்று விசாரிப்பது அப்பாவுக்கு அதிகம் உதவும். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

எண்களை அவை வந்த காலத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அலென் கிரிபியே பிரான்சின் ரூவான் நகரில் முதல் டாவியைச் செய்தது 2002 ஏப்ரலில். அதன்பின் அமெரிக்காவில் நடந்த பார்ட்னர் ஆய்வின் முடிவுகள் 2010, 2011-இல் வெளிவந்தபோது பக்கவாதம்தான் பெரிய கவலையாக இருந்தது. அறுவை சிகிச்சையே அதிக ஆபத்து என்று கருதப்பட்ட முதியவர்களில், 30 நாளுக்குள் பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்தவர்கள் டாவியில் 5.5 சதவீதம், நெஞ்சைத் திறந்த அறுவையில் 2.4 சதவீதம். 2019-இல் வந்த பார்ட்னர் 3 ஆய்வில் நிலைமை தலைகீழ்: டாவியில் 0.6, அறுவையில் 2.4. இடையில் தொழில்நுட்பம் மாறியது. தொடக்ககால உறைக்குழாய்கள் 22, 24 பிரெஞ்சு அளவு, அதாவது 7 முதல் 8 மில்லிமீட்டர் உள்விட்டம். இப்போது 14 பிரெஞ்சுக் குழாயிலேயே, சுமார் 4.7 மில்லிமீட்டரிலேயே, வேலை முடிகிறது. சி.டி. பார்த்து வால்வின் அளவை முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். ஆனால் நோயாளிகளும் மாறினார்கள் என்பதை மறக்கக் கூடாது. பார்ட்னர் 3-இல் சராசரி வயது 73. மற்ற நோய்கள் குறைவாக இருந்தவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தார்கள். அந்த 0.6-ஐக் காட்டி 'ஒரு சதவீதம்கூட இல்லை' என்று யாராவது சொன்னால், அது 78 வயதில் சர்க்கரை, சிறுநீரகப் பிரச்சினை, பழைய ஸ்ட்ரோக் எல்லாம் உள்ளவருக்குப் பொருந்தாது. தேர்வு செய்யாமல் எல்லோரையும் சேர்த்த அமெரிக்கப் பதிவேட்டில், ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரில் 30 நாள் பக்கவாதம் 2.3 சதவீதம். உங்கள் அப்பாவுக்கு இந்த எண்தான் நெருக்கமானது.

தேடும் விதத்தைப் பொறுத்தும் எண் மாறும். நரம்பியல் மருத்துவரே முன்னும் பின்னும் சோதித்தால் அதிகம் கண்ணில் படும். வார்டில் யாரோ கவனித்துச் சொன்னால்தான் பதிவாகும் என்றால் குறைவாகத் தெரியும். இதைத் தெளிவாகக் காட்டியது ஒரு திறந்த வால்வு அறுவை ஆய்வு. 65 வயதுக்கு மேற்பட்ட 196 பேரை நரம்பியலாளர்கள் தேடிச் சோதித்தபோது 17 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் தெரிந்தது. அதே நோயாளிகளுக்கு வழக்கமான அறுவைப் பதிவேட்டில் ஏறியது 6.6 சதவீதம். ஒரு மருத்துவமனை 'எங்களிடம் பூஜ்யம்' என்றால், யார் சோதித்தார்கள் என்று கேளுங்கள்.

ஒன்றும் செய்யாமல் விடுவது பாதுகாப்பான வழி அல்ல. பார்ட்னரின் மற்றொரு பிரிவில், அறுவைக்கே தகுதியில்லாத நோயாளிகளில் வால்வு மாற்றாமல் மருந்தோடு நின்றவர்களில் ஓராண்டில் இறந்தவர்கள் 50.7 சதவீதம், டாவி செய்தவர்களில் 30.7. அவர்கள் மிகவும் நலிந்தவர்கள் என்றாலும், மூச்சுத்திணறலோ மயக்கமோ நெஞ்சுவலியோ தொடங்கிவிட்ட கடும் சுருக்கம் காத்திருக்காது என்பதில் சந்தேகமில்லை. பக்கவாத பயத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது கணக்காகப் பார்த்தால் தவறான முடிவு.

இனி, அது எங்கிருந்து வருகிறது என்பது.

நேரத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கிறது. அமெரிக்கப் பதிவேட்டில் 30 நாளுக்குள் வந்த பக்கவாதங்களில் ஏறக்குறைய பாதி முதல் நாளிலேயே வந்தன. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமானவை மூன்று நாளுக்குள். ஆக, பெரும்பகுதி சிகிச்சையின் போது உதிர்ந்து மேலே போனவற்றால் வருவது. மிச்சம் வேறு காரணங்களால். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் தடுப்புமுறைகள் எதுவும் புரியாது.

சிகிச்சை நாளில் என்ன நடக்கிறது என்று படிப்படியாகப் பாருங்கள். தொடைத் தமனியில் நுழையும் கம்பியும் குழாயும் வயிறு, மார்பு வழியே ஏறி, மகா தமனி வளைவைச் சுற்றி இதயத்துக்கு இறங்குகின்றன. மூளைக்குப் போகும் குழாய்கள் எல்லாம் அந்த வளைவிலிருந்துதான் கிளம்புகின்றன. வயதானவர்களின் வளைவுச் சுவரில் கொழுப்பும் கால்சியமும் படிந்திருக்கும். 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த படிவோ, ரத்த ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும் படிவோ இருந்தால், உரசிப் போகும் ஒவ்வொரு கருவியும் எதையாவது பெயர்த்துவிடும். அடுத்தது, சுருங்கிய வால்வின் சின்னத் துளையைத் தேடிக் கம்பியை உள்ளே செலுத்துவது. இது சாதாரண வேலை போலத் தோன்றும், அப்படியல்ல. டாவி பரவலாவதற்கு முன்பே, 2003-இல், ஜெர்மனியின் பான் நகரத்திலிருந்து வந்த ஆய்வு ஒன்று வெறும் பரிசோதனைக்காகச் சுருங்கிய வால்வைக் கம்பியால் கடந்த 101 பேரை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தது. 22 பேருக்கு மூளையில் புதிய புள்ளிக் காயங்கள், 3 பேருக்கு வெளிப்படையான குறைபாடு. வால்வைக் கடக்காதவர்களில் ஒருவருக்கும் இல்லை. அனுபவமுள்ள கை இரண்டு மூன்று முயற்சியில் கடப்பதும், புதிய கை கால் மணி நேரம் குத்திக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல.

பிறகு பலூன் விரிப்பு, வால்வைச் சரியான உயரத்தில் நிறுத்துவது, விரிப்பது. பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்கும்போது காரை உதிர்வது போல, கல்லாக இறுகிய இதழ்களை ஒதுக்கி நசுக்கும் இந்தக் கட்டத்தில் துகள்கள் உதிர்கின்றன. மூளை ரத்தக்குழாய்களின் ஓட்டத்தை ஒலியலையால் அறியும் மண்டை வழி டாப்ளர் கருவியை வைத்துக் கேட்டால், வால்வை நிறுத்தும்போதும் விரிக்கும்போதும்தான் மூளைக்கு ஏறும் துகள்களின் ஒலிக்குறிகள் அதிகம் கேட்கின்றன. வால்வு முழுதாக விரியாமல் ஓரத்தில் கசிந்தால் மறுபடி பலூன் போடுவார்கள். 1,061 நோயாளிகளைத் தொடர்ந்த பன்னாட்டு ஆய்வு ஒன்றில் முதல் 24 மணி நேரப் பக்கவாதத்தோடு தொடர்புடையதாகத் தெரிந்தவை இரண்டு: இப்படி மறுபடி பலூன் போடுவது, வால்வு இடம் பெயர்ந்துவிடுவது. இரண்டுமே அளவுத் தவறோடு நெருங்கிய விஷயங்கள். சி.டி.யில் வால்வு வளையத்தின் சுற்றளவையும் பரப்பையும் கவனமாக அளந்தால் இரண்டும் குறையும். மூளையைக் காக்கும் வேலை சிகிச்சை அறைக்குள் போவதற்கு முன்பே, சி.டி. பார்க்கும் கணினி முன் தொடங்கிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

ரத்த அழுத்தம் இன்னொரு பக்கம். பலூன் விரியும் சில நொடிகளுக்கு வால்வு ஆடாமல் இருக்க, தற்காலிக பேஸ்மேக்கர் கம்பியால் இதயத்தை நிமிடத்துக்கு 180 முதல் 200 முறை துடிக்க வைப்பார்கள். அப்போது ரத்த அழுத்தம் சரிந்து மூளைக்கு ஓட்டம் குறைகிறது. ஒரே ஒரு முறை, 10-15 நொடி என்றால் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள். திரும்பத் திரும்பச் செய்து, நடுவில் அழுத்தம் ஏற விடாவிட்டால், இரண்டு ரத்தக்குழாய்களின் எல்லைப் பகுதிகளில் இருக்கும் மூளைத் திசு முதலில் வாடும். ஓட்டம் குறைந்த வேளையில் போய்ச் சேர்ந்த துகள்களும் அடித்துச் செல்லப்படாமல் அங்கேயே தங்கிவிடும். கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து.

இதோடு குழாய்க்குள் சரியாகக் கழுவி வெளியேற்றாத காற்றுக்குமிழி, கம்பியின் மேல் உறையும் ரத்தம் ஆகியவை. ரத்தம் உறைவதைத் தடுக்க ஹெப்பாரின் கொடுத்து, உறைவு நேரத்தை 250 முதல் 300 நொடிக்குள் வைத்திருப்பார்கள். அரை மணிக்கு ஒருமுறை அளக்காமல் நீளும் சிகிச்சையில் இது நழுவும்.

உதிர்வது கற்பனை அல்ல. வடிகட்டி வைத்து எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2017-இல் வெளியான சென்டினல் ஆய்வில் வடிகட்டி வைத்தவர்களில் 99 சதவீதம் பேரிடம் ஏதாவது சிக்கியிருந்தது: ரத்த உறைவு, தமனிச் சுவரின் துணுக்கு, வால்வுத் திசு, கால்சியம், சிலரிடம் கருவிகளின் மேற்பூச்சுத் துகள்கூட. அப்படியானால் வடிகட்டி வைத்தால் பக்கவாதம் குறைய வேண்டுமே? எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள்.

அந்த ஆய்வில் பயன்பட்ட சென்டினல் என்னும் வடிகட்டிக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் அதன் எல்லையும் புரியும். வலது மணிக்கட்டுத் தமனி வழியாக 6 பிரெஞ்சுக் குழாயில் ஏற்றி, ஒரு வடிகட்டியை வலது கைக்கும் வலது கழுத்துக்கும் பிரியும் பொதுத் தமனியிலும், மற்றொன்றை இடது கழுத்துத் தமனியான கரோட்டிடிலும் விரிப்பார்கள். வடிகட்டியின் துளைகள் 140 மைக்ரான், அதாவது 0.14 மில்லிமீட்டர். அதைவிடச் சிறியவை போய்விடும். இடது கைத் தமனியிலிருந்து கிளம்பி மூளையின் பின்பகுதிக்குப் போகும் இடது வெர்டிபிரல் தமனிக்குக் காவல் கிடையாது. கருவியை ஏற்றும்போதே அதுவும் வளைவை உரசத்தான் செய்கிறது. சிகிச்சை முடிந்ததும் வெளியே எடுத்துவிடுவார்கள் என்பதால் அன்றிரவோ மறுநாளோ வரும் பக்கவாதத்தை அது தடுக்க வழியே இல்லை.

பெரிய ஆய்வுகள் இரண்டு. 2022-இல் புரொடெக்டட் டாவர், 3,000 பேர்: 72 மணி நேரத்துக்குள் அல்லது அதற்கு முன் வீடு திரும்பினால் அதுவரை, பக்கவாதம் வடிகட்டியோடு 2.3 சதவீதம், இல்லாமல் 2.9. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. ஆனால் ஊனம் தரும் பக்கவாதம் மட்டும் 0.5-க்கு 1.3 என்று வந்ததால் நம்பிக்கை பிறந்தது. பிரிட்டனில் 7,635 பேரை வைத்து இன்னும் பெரிய ஆய்வு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. முடிவு 2025-இல் வந்தது. பக்கவாதம் 2.1-க்கு 2.2, ஊனம் தருவது 1.2-க்கு 1.4. வடிகட்டியால் பயன் தெரியவில்லை. முதல் ஆய்வில் கண்ட நல்ல செய்தி இரண்டு மடங்குக்கும் அதிகமான நோயாளிகளிடம் நிற்கவில்லை.

ஆகவே, சாதாரண மூவிதழ் வால்வு, சுத்தமான தமனி வளைவு, தொடை வழி சிகிச்சை என்றால், கடன் வாங்கியோ நகை அடகு வைத்தோ வடிகட்டிக்குப் பணம் கட்டாதீர்கள். 'அப்பாவுக்கு நல்லதைச் செய்யாமல் விட்டோமோ' என்ற குற்ற உணர்வு தேவையில்லை. ஈரிதழ் வால்வில் கனமான கால்சியம், வளைவில் ஆடும் படிவு, பழைய செயற்கை வால்வுக்குள் புது வால்வு, முன்பு வந்த ஸ்ட்ரோக் என்று அபாயம் கூடும் நிலைகளில் சில மருத்துவர்கள் வைக்க விரும்புவார்கள். காரணம் கேட்டுப் புரிந்துகொண்டு ஏற்பது நியாயம்தான். ஆனால் இந்தப் பிரிவினருக்குத் தனியாகப் பயன் உண்டு என்று ஆய்வு நிரூபிக்கவில்லை. எப்படியும் எல்லோருக்கும் பொருத்த முடியாது. வலப்பக்கப் பொதுத் தமனி 9 முதல் 15 மில்லிமீட்டருக்குள்ளும் இடது கரோட்டிட் 6.5 முதல் 10 மில்லிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும்; அதிகம் முறுக்கிக்கொண்டோ அடைபட்டோ இருக்கக் கூடாது. இந்த அளவுகளும் அதே சி.டி.யிலேயே தெரியும். 'சி.டி. அளவுப்படி பொருந்துமா' என்று கேட்டாலே உண்மையான யோசனையோடு சொல்கிறார்களா, கட்டணப் பட்டியலில் சும்மா சேர்த்துவிட்டார்களா என்பது தெரிந்துவிடும்.

ஞாபக சக்தி பற்றி. டாவிக்குப் பின் எம்.ஆர்.ஐ. எடுத்தால் பெரும்பாலோர் மூளையில் புதிய சிறு புள்ளிகள் தெரியும். 2010-இல் ஜெர்மனியில் வெளியான ஆய்வில் டாவி செய்தவர்களில் 84 சதவீதம் பேருக்கும், திறந்த அறுவை செய்தவர்களில் 48 சதவீதம் பேருக்கும் இருந்தது. கேட்கப் பயமாக இருக்கும். இவை பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவுள்ளவை, இரு பக்கமும் சிதறிக் கிடப்பவை, எந்த அறிகுறியும் தராதவை. பல புள்ளிகள் சில மாதம் கழித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் காணப்படுவதில்லை. ஞாபகமும் சிந்தனையும் டாவிக்குப் பின் பெரும்பாலோருக்கு அப்படியே இருக்கின்றன. இதயத்திலிருந்து ஓட்டம் சீரானதால் முன்னைவிடத் தெளிவாகிறவர்களும் உண்டு. ஒரு சிறு பகுதியினருக்குக் குறைகிறது. ஏற்கெனவே மறதி தொடங்கியிருந்தவர்கள், வயது மிகக் கூடியவர்கள் அதில் அதிகம். அறிகுறி இல்லாதவருக்கு 'புள்ளி இருக்கிறதா பார்ப்போம்' என்று எம்.ஆர்.ஐ. எடுப்பதால் சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை. அதைவிடப் பயனுள்ளது, சிகிச்சைக்கு முன்பே பத்து நிமிட ஞாபகப் பரிசோதனை ஒன்றைச் செய்து மதிப்பெண்ணைக் குறித்து வைப்பது. பின்னால் 'அப்பா முன்ன மாதிரி இல்லை' என்று தோன்றும்போது ஒப்பிட ஏதாவது இருக்கும்.

முதல் இரண்டு இரவுகளில் சில முதியவர்கள் இடம் தெரியாமல் பேசுவார்கள், குழாயைப் பிடுங்குவார்கள். மயக்க மருந்து, தூக்கமின்மை, சிறுநீர் அடைப்பு, உப்புச்சத்துக் குறைவு எல்லாம் காரணமாகலாம். கண்ணாடியும் காதுக் கருவியும் உடனே மாட்டிவிடுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் இந்தக் குழப்பம் என்று தள்ளிவிட்டுப் பக்கவாதத்தைக் கோட்டைவிடுவதுதான் வார்டில் அடிக்கடி நடக்கும் தவறு. குழப்பத்தில் இருப்பவர் இரண்டு கையையும் சமமாக வீசுவார், பேச்சு குளறாது, தலைப்பு மட்டும் மாறும். ஒரு பக்கம் மட்டும் அசைவு குறைந்தாலோ, சொல் வராமல் தவித்தாலோ, பார்வை ஒரே பக்கம் இழுத்துக்கொண்டாலோ குழப்பம் என்று விடக் கூடாது.

மருந்துகளுக்கு வருவோம். வேறு காரணத்துக்காக ரத்தம் இளக்கும் மருந்து தேவைப்படாதவருக்கு, டாவிக்குப் பின் 75 முதல் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஒன்றே போதும். முன்பு ஆஸ்பிரினோடு, அதைப் போலவே ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் குளோபிடோக்ரலும் சேர்த்து மாதக்கணக்கில் கொடுத்தார்கள். 2020-இல் நெதர்லாந்தை மையமாகக் கொண்ட ஆய்வு ஒன்றில், இரண்டும் கொடுத்தவர்களில் 26.6 சதவீதம் பேருக்கும் ஆஸ்பிரின் மட்டும் கொடுத்தவர்களில் 15.1 சதவீதம் பேருக்கும் ரத்தக்கசிவு. பக்கவாதத்தில் லாபம் எதுவும் இல்லை. சமீபத்தில் இதய ஸ்டென்ட் வைத்திருந்தால் மட்டும் கணக்கு வேறு. 'உறையாமல் இருக்க இன்னும் வலுவாகக் கொடுத்தால் என்ன' என்ற யோசனையும் சோதிக்கப்பட்டது: ரிவரொக்சபான் என்னும் ரத்தம் இளக்கியை 10 மில்லிகிராம் வழக்கமாகக் கொடுத்துப் பார்த்த கலிலியோ ஆய்வு, மரணமும் கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. புது வால்வின் இதழில் மெல்லிய உறைவுப் படலம் சி.டி.யில் தெரிவது உண்டு. எடொக்சபான் என்ற இன்னொரு இளக்கி கொடுத்தால் அது 18.4-இலிருந்து 9.8 சதவீதமாகக் குறைந்ததையும், ஆனால் மூளைப் புள்ளிகளில் வித்தியாசம் இல்லாததையும் கொரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். படலத்துக்காக மட்டும் எல்லோருக்கும் இளக்கி கொடுப்பதில்லை.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாறுமாறான துடிப்பு உள்ளவர்கள் வேறு வகை. அவர்களுக்கு இடது மேலறையின் காதுப்பையில் ரத்தம் தேங்கி உறையும். முதல் நாளுக்குப் பிறகு வரும் பக்கவாதங்களில் இதற்குப் பெரிய பங்கு. இவர்களுக்கு வார்ஃபரினோ அபிக்சபான் போன்ற புது இளக்கியோ தொடர வேண்டும். அதோடு குளோபிடோக்ரல் சேர்ப்பது கசிவைத்தான் கூட்டுகிறது. சிகிச்சைக்கு முன் அந்த மருந்தை நிறுத்தலாமா என்பதற்கு 2024-இல் விடை வந்தது: தொடர்ந்தவர்களில் 31.1 சதவீதம் பேருக்குக் கசிவு, சில நாள் நிறுத்தியவர்களில் 21.3, தொடர்ந்ததால் உறைவுத் தொல்லை குறையவில்லை. எந்த நாளில் நிறுத்துவது, எந்த நாளில் மறுபடி தொடங்குவது என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். நிறுத்தச் சொன்னது நினைவிருந்து, தொடங்கச் சொன்னது விட்டுப்போய், மூன்றாம் வாரம் பக்கவாதத்தோடு வருவது தவிர்க்கக்கூடிய துயரம்.

இந்தத் துடிப்புக் கோளாறு சிலருக்கு டாவிக்குப் பின்தான் புதிதாகத் தோன்றும். 'சிகிச்சையால் வந்தது, தானே போய்விடும்' என்று விட்டுவிடக் கூடாது. அரை மணி நேரம் வந்து போனாலும் மருத்துவரிடம் சொல்லி ஈ.சி.ஜி. பதிவைப் பத்திரப்படுத்துங்கள். 75 வயதைத் தாண்டியவருக்கு இளக்கி தேவையா என்ற கேள்வி உடனே எழும்.

இப்போது முக்கியமான பகுதி: பக்கவாதம் வந்தால். அதே அமெரிக்கப் பதிவேட்டில் பக்கவாதம் வந்தவர்களில் 30 நாளில் இறந்தவர்கள் 16.7 சதவீதம், வராதவர்களில் 3.7. இந்த இடைவெளியைக் குறைக்க இருக்கும் ஒரே வழி நிமிடங்களைச் சேமிப்பது.

சிகிச்சைக்கு முந்தைய நாளே முகம், கை, கால், பேச்சு, பார்வை ஆகியவற்றைச் சோதித்து மதிப்பெண் குறித்துவைக்கச் சொல்லுங்கள். பழைய ஸ்ட்ரோக்கின் மிச்சம் எது, புதியது எது என்று பின்னால் தடுமாற்றம் வராது. முழு மயக்கத்துக்குப் பதில் லேசான மயக்கத்தில் செய்தால், வால்வு வைத்த அடுத்த நிமிடமே 'பெயர் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்குங்கள்' என்று பார்த்துவிடலாம். மேசையிலேயே தெரிந்தால் அங்கேயே மூளை ரத்தக்குழாய்க்குச் சாயம் செலுத்திப் பார்க்க முடியும். அதைவிட வேகமான வழி கிடையாது. வார்டில், முதல் 24 மணி நேரம் செவிலியர் நாடி, ரத்த அழுத்தம் பார்க்கும்போதெல்லாம் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் கூட இருப்பவரும் பார்க்கலாம்: சிரிக்கச் சொல்லுங்கள், இரு கையையும் பத்து நொடி நீட்டச் சொல்லுங்கள், ஒரு முழு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், உங்கள் விரலை அவர் கண்ணின் இடப்பக்கமும் வலப்பக்கமும் காட்டி எண்ணச் சொல்லுங்கள். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். மூளையின் பின்பகுதி பாதிக்கப்பட்டால் கைகால் நன்றாக இருக்கும். பாதிப் பார்வை போயிருக்கும், அல்லது எழுந்து நின்றதும் ஒரு பக்கம் சாய்வார்.

மாற்றம் தெரிந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி 'கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?' என்பது. 'காலையில் பார்த்தபோது' என்பது போதாது. 6.40-க்குக் காபி கொடுத்தபோது தெளிவாகப் பேசினார் என்ற அளவில் வேண்டும். அந்த நேரத்திலிருந்துதான் எல்லாக் கணக்கும். உறைவைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம். அடைப்பைக் குழாய் விட்டு எடுக்க 6 மணி நேரம், தேர்ந்தெடுத்தவர்களுக்கு 24 மணி நேரம் வரை. விரல் நுனியில் சர்க்கரை பார்க்க வேண்டும், ஏனெனில் தாழ்சர்க்கரை பக்கவாதம் போலவே நடிக்கும். நாடியும் பார்க்க வேண்டும்: டாவிக்குப் பின் இதயத்தின் மின்பாதை அடைபட்டுத் துடிப்பு 30, 35-க்கு இறங்கி மயங்கி விழுவதும் உண்டு, அதற்குத் தேவை பேஸ்மேக்கர். உடனே சாதா சி.டி.யோடு கழுத்து, மூளை ரத்தக்குழாய் சி.டி.யும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி உள்ளே இருக்கும்போது எம்.ஆர்.ஐ.க்காகக் காத்திருப்பது வீண்.

டாவிக்குப் பின் வரும் பக்கவாதத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அடைத்திருப்பது கால்சியக் கல்லாகவோ திசுத் துணுக்காகவோ இருந்தால் உறைவைக் கரைக்கும் மருந்து அதைத் தொடாது. சி.டி.யில் வெள்ளையாக, உருண்டையாகத் தெரியும் அடைப்பு அதற்கு அடையாளம். கூடவே, சில மணி நேரம் முன்புதான் ஹெப்பாரின் ஏறியிருக்கும், தொடையில் பெரிய துளை மூடப்பட்டிருக்கும். ஆகவே பெரிய ரத்தக்குழாய் அடைபட்டிருந்தால், கரைக்கும் ஊசியில் நேரம் போக்காமல் நேரே குழாய் விட்டு எடுப்பதே பல சமயம் நல்ல வழி. கால்சியத் துண்டை எடுப்பது சாதாரண உறைவை எடுப்பதைவிடக் கடினம்; அதனால்தான் இந்த வேலையில் பழகிய நரம்புக் கதிரியக்க நிபுணர் இருக்கும் மருத்துவமனையைத் தேடச் சொல்கிறேன். அவர் வேறு மருத்துவமனையில் இருந்தால், எந்த ஆம்புலன்ஸில், எத்தனை நிமிடத்தில் மாற்றுவார்கள் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

செய்யக் கூடாதவையும் சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தம் 190 இருக்கிறதே என்று நாக்கின் அடியில் நிஃபெடிபின் வைத்துச் சட்டென்று இறக்கக் கூடாது. கரைக்கும் ஊசி போடுவதென்றால் 185/110-க்குக் கீழே மெதுவாகக் கொண்டுவருவார்கள். ஊசியோ குழாய்ச் சிகிச்சையோ இல்லையென்றால் 220/120 வரை பொதுவாக விட்டுவைப்பார்கள். விழுங்கும் சக்தியைச் சோதிக்கும் வரை தண்ணீரோ மாத்திரையோ வாயில் கொடுக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். வீட்டில் வந்தால் 'இன்னொரு ஆஸ்பிரின் கொடுப்போம்' என்பதும் வேண்டாம். இளக்கி சாப்பிடுபவருக்கு அது மூளை ரத்தக்கசிவாகவே இருக்கலாம், சி.டி. பார்க்காமல் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. மருந்துச் சீட்டையும், வால்வின் விவரம் எழுதிய டாவி அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக இளக்கி எப்போது சாப்பிட்டார் என்பதைச் சொல்லுங்கள்.

சில வாரங்களோ மாதங்களோ கழித்துக் காய்ச்சலோடு பக்கவாதம் வந்தால் வால்வில் கிருமித்தொற்று என்று சந்தேகிக்க வேண்டும். அதில் கரைக்கும் ஊசி போட்டால் மூளையில் கசியும் அபாயம் அதிகம். இதனால்தான் டாவி செய்தவருக்கு விடாத காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டும். பக்கத்துக் கடையில் வாங்கிய இரண்டு நாள் மாத்திரை நோயைக் கண்டுபிடிக்க முடியாமல் செய்துவிடும். பல் பிடுங்குவது, ஈறு சுத்தம் செய்வது என்றால் பல் மருத்துவரிடம் வால்வு வைத்திருப்பதைச் சொல்லுங்கள். ஒவ்வாமை இல்லாதவருக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம் ஒரே முறை கொடுப்பது வழக்கம். ஆடும் பற்கள் இருந்தால், முடிந்தவரை டாவிக்கு முன்பே கவனித்துவிடுங்கள்.

சிகிச்சைக்கு முன் மருத்துவரைச் சந்திக்கும்போது இவற்றைக் கேளுங்கள்: சி.டி.யில் தமனி வளைவு எப்படி இருக்கிறது? வால்வு மூவிதழா, ஈரிதழா? தொடை வழி போதுமா? முழு மயக்கமா, லேசான மயக்கமா? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் காதுப்பையில் உறைவு இல்லை என்று பார்த்தாகிவிட்டதா? கடந்த மூன்று மாதத்தில் ஸ்ட்ரோக் வந்திருந்தால் தேதியைத் தள்ளலாமா? இரவு இரண்டு மணிக்குப் பேச்சு குளறினால் யாரை அழைப்பார்கள், சி.டி.க்கு எத்தனை நிமிடம்? கடைசிக் கேள்விக்குப் பெயரும் தொலைபேசி எண்ணுமாகப் பதில் வந்தால், அந்த இடம் தயாராக இருக்கிறது.